பட்ட மரத்துக் குடித்தனம்: டீச்சர் பதில்கள்

சென்ற இதழில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். புது ரயில் நிலைய வேலைக்காகப் பூங்காவில் இருந்த பழைய மரங்களை வெட்டப் போனார்கள், மரப்பொந்துக்குள் வாழும் ஒரு வண்டு குறுக்கே வந்து நின்றது என்ற கதை. கடைசியில் 'காட்டில் விழுந்த மரத்தை விழுந்த இடத்திலேயே விடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. பாதிப் பேர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். நல்லதுதான். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவளுக்குச் சண்டை போடும் மாணவர்களைத்தான் பிடிக்கும்.

ஒரு வண்டுக்காக ரயில் வேலை தடைபடுமா? நாமெல்லாம் ரோட்டுக்காகச் சாலையோரப் புளியமரங்களையே வரிசையாகச் சாய்த்துவிட்டோம். அவர்களுக்கு வேறு வேலை இல்லையா டீச்சர்?
*- வாசகர், ஓமலூர்*

வேலை நிறைய இருக்கிறது. ஆனால் சட்டமும் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1992-இல் போட்ட இயற்கை வாழிடச் சட்டத்தில் இந்த வண்டின் பெயர் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அறிவியல் பெயர் ஆஸ்மோடெர்மா எரெமிட்டா. எரெமிட்டா என்றால் துறவி. நான் 'பொந்துச் சாமியார்' என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாமியாரின் வாழ்க்கையைக் கேளுங்கள். வயதான ஓக் மரத்தில் கிளை ஒடிந்த இடத்தில் மழைநீர் இறங்கும், பூஞ்சை பிடிக்கும், நடுமரம் மெல்ல உளுத்துப் பொந்தாகும். மரம் சாகாது. வெளியே இலை விட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே மட்டும் காபித்தூள் மாதிரி செம்பழுப்பு மக்கு சேரும். அந்த மக்குக்குள்தான் புழு 3, 4 வருடம் கிடக்கிறது. அப்புறம் சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்தில் கருத்துப் பளபளக்கும் வண்டாக மாறுகிறது. ஆண் வண்டு பொந்து வாசலில் உட்கார்ந்து பழுத்த பீச் பழ வாசனையை வெளியே விடும். பெண்ணை அழைக்கத்தான். சில சமயம் மனிதர்கள் மூக்குக்கே எட்டும், அந்த வாசனையை வைத்தே மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள்.

சரி, பக்கத்து மரத்துக்குப் பறந்து போய்விடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஸ்வீடனில் வண்டுகளைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுப் பார்த்தபோது, நூற்றுக்குச் சுமார் 15தான் பிறந்த மரத்தை விட்டு வெளியே போனது. மற்றதெல்லாம் பிறந்த பொந்திலேயே கூடி, முட்டையிட்டு, செத்தும் போகிறது. வெளியே போவதும் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். ஓக் மரத்தில் அந்த அளவு பொந்து விழ 150, 200 வருடம் ஆகும். இன்றைக்குப் பத்தாயிரம் கன்று நட்டாலும் வண்டுக்கு அது வீடாகப் பல தலைமுறை காத்திருக்க வேண்டும். 'வெட்டியதற்குப் பதிலாக நட்டுவிட்டோம்' என்கிற கணக்கு இங்கே செல்லாது.

உங்கள் புளியமரங்களிலும் பொந்து இருந்தது ஐயா. ஆந்தை இருந்தது, கிளி இருந்தது. வண்டு இருந்ததா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சர், நீங்களே காபித் தோட்டத்தில் வளர்ந்தவர். செத்த மரத்தை விட்டு வைத்தால் போரர் (காபித் தண்டைத் துளைக்கும் வண்டு) பெருகாதா? நாங்கள் வருடா வருடம் செடியைப் பிடுங்கி எரிக்கிறோம், நீங்கள் வண்டுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.
*- காபி விவசாயி, நாகலூர், ஏற்காடு*

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கெழுதுபவர். ஞாயிற்றுக்கிழமையானால் என்னையும் போரர் பார்க்கக் கூட்டிப் போவார். செடியின் தண்டில் கையை வைத்துக் கீழிருந்து மேலே தடவ வேண்டும். பட்டைக்கு அடியில் நரம்பு புடைத்த மாதிரி மேடு தட்டுப்பட்டால், உள்ளே புழு சுரங்கம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்குச் சின்னக் கை, அப்பாவை விட நன்றாகத் தெரியும். ஒரு செடிக்கு ஐந்து பைசா கூலி. அப்படிப் பிடுங்கிய செடிகளை அன்று சாயங்காலமே எரித்துவிடுவார்கள். அந்தப் புகை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆக, நான் என் வாழ்நாளில் கொன்ற வண்டுகளின் எண்ணிக்கை உங்கள் எண்ணிக்கைக்குக் குறையாது.

அந்த வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தின்பது உயிரோடு நிற்கும் செடியை. அதிலும் அரபிகா ரகக் காபி என்றால் உயிர். ரோபஸ்டா ரகத்துப் பக்கம் பெரும்பாலும் போகாது. ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளியே வந்து பறக்கும், தண்டின் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். வெயில் விழும் செடியாகப் பார்த்து வரும். அதனால்தான் நிழலைக் குறைக்காதே என்று பெரியவர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். சில்வர் ஓக் நல்ல விலைக்குப் போகிறது என்று நிழல்மரத்தை மொட்டையடித்துவிட்டு, அடுத்த வருடம் போரர் வந்துவிட்டது என்று அழுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை.

பிடுங்கிய காபித் தண்டை விட்டு வைக்கச் சொல்லி நான் எழுதவே இல்லை. அதற்குள் இருக்கும் புழு வெட்டின பிறகும் வளர்ந்து வண்டாகி வரும். ஈவு இரக்கமில்லாமல் எரியுங்கள். தேங்காய் நார் கையுறை போட்டுத் தண்டைத் தேய்த்துப் பட்டை இடுக்குகளை வழவழப்பாக்குங்கள்.

நான் சொன்னது வேறு சாதி. உங்கள் தோட்டத்து மேட்டில் காற்றுக்கு விழுந்த பலாமரம் ஒன்று நாலு வருடமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காளான் முளைத்து, பட்டை உரிந்து, விரலால் கிள்ளினால் பொடியாக வரும் பதம். அதற்குள் இருக்கும் புழுவைக் கொண்டுபோய் உங்கள் அரபிகா செடியில் விட்டால் பட்டினியில் செத்துவிடும். அதற்குப் பூஞ்சை பதப்படுத்திக் கொடுத்த மரம்தான் இறங்கும். இரண்டும் வண்டுதானே என்று ஒரே பட்டியலில் சேர்ப்பது, புலியும் வீட்டுப் பூனையும் ஒரே குடும்பம்தானே என்பது மாதிரி.

உளுத்த தென்னை மரத்தில்தான் காண்டாமிருக வண்டு பெருகுகிறது என்று வேளாண் அலுவலர் சொல்கிறார். நீங்கள் விடச் சொல்கிறீர்கள். யார் பேச்சைக் கேட்பது?
*- தென்னந்தோப்புக்காரர், வாழப்பாடி*

அவர் பேச்சை. தோப்பில் பட்ட தென்னையை விடவே விடாதீர்கள். எருக்குழியையும் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை கலந்து விடுங்கள், ஆமணக்குப் புண்ணாக்கு கரைத்த பானையை மரத்தடியில் வையுங்கள். நான் பேசுவது காட்டை. தோப்பு உங்கள் சோறு.

மரத்துக்குள் ஒரு புழு எத்தனை வருடம் உயிரோடு இருக்க முடியும்?
*- பதினோராம் வகுப்பு மாணவி, சேலம் அம்மாப்பேட்டை*

வா கண்ணு, இந்த மாதத்தின் நல்ல கேள்வி உன்னுடையது.

மரம் என்பது மிக மோசமான சாப்பாடு. செல்லுலோஸ், லிக்னின் என்று நீ புத்தகத்தில் படித்திருப்பாய். சர்க்கரையை நீளமாகக் கோத்துச் சிமெண்டு பூசிய மாதிரி ஒரு பொருள். உடம்பு வளர்க்கத் தேவையான நைட்ரஜன் அதில் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. கஞ்சித்தண்ணியை மட்டும் குடித்துக்கொண்டு வளரும் பிள்ளை மாதிரி, புழுவும் மெதுவாகத்தான் வளரும். பூஞ்சை முதலில் மரத்தை இளக்கித் தருகிறது, புழு அந்தப் பூஞ்சையையும் சேர்த்துத்தான் தின்கிறது, குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிச்ச வேலையைப் பார்க்கின்றன. இத்தனை பேர் சேர்ந்தும் 3 வருடம், 5 வருடம் சாதாரணமாக ஆகிவிடும்.

மரம் காய்ந்துபோனால் இன்னும் மோசம். வட அமெரிக்காவில் பொன்வண்டுக் குடும்பத்தில் ஒரு வண்டு உண்டு, பச்சைத் தங்கமாக மின்னும். அதன் புழு இருந்த மரத்தை அறுத்து இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குப் படிக்கட்டு செய்துவிட்டார்கள். 1983-இல் அந்தப் படிக்கட்டிலிருந்து வண்டு வெளியே வந்தது. புழுவாக 51 வருடம் உள்ளே இருந்திருக்கிறது என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அந்தப் படியில் ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கே பேரன் பேத்தி பிறந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ யாரிடமும் கேட்டிருக்க மாட்டாய். மக்கிய மரத்துக்குள் குடும்பம் நடத்தும் வண்டுகள் இருக்கின்றன. பாசலிடே என்ற குடும்பம், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. கறுப்பாக, மினுமினுப்பாக, தட்டையாக இருக்கும். அப்பா அம்மா இரண்டும் மரத்தைச் சவைத்துத் தூளாக்கிப் புழுக்களுக்குக் கொடுக்கும், தங்கள் எச்சத்தையும் கலந்து. குமட்டுகிறதா? அந்த எச்சத்தில்தான் செரிமான நுண்ணுயிர் இருக்கிறது. கையில் எடுத்தால் 'க்ரீச் க்ரீச்' என்று சத்தம் போடும். அமெரிக்காவில் உள்ள ஓர் இனத்தில் 14 வகைச் சத்தங்களைப் பிரித்துக் குறித்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வருகிற சேதியின் வகை அவ்வளவு தேறுமா என்று எண்ணிப் பார்.

காட்டில் பட்டுப்போன மரத்தை அப்படியே விட்டால் அரசுக்கு நஷ்டம், பூச்சி நோயும் பரவும். ஏலம் விட்டால் வருமானமாவது வரும். உணர்ச்சிவசப்படாமல் பதில் சொல்லவும்.
*- மரக்கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை*

உணர்ச்சிவசப்படாமலே சொல்கிறேன், வழக்கு விவரத்தோடு.

போலந்துக்கும் பெலாரஸுக்கும் நடுவே பியாவோவியெஜா என்று ஒரு காடு. ஐரோப்பாவின் சமவெளியில் கோடரி அதிகம் படாமல் மிஞ்சிய கடைசிப் பெருங்காடு என்பார்கள். ஐரோப்பியக் காட்டெருமை அங்கே இருக்கிறது. அங்கே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களில் பட்டைத்துளைப்பான் வண்டு பெருகி மரங்கள் செத்தன. 2016-இல் போலந்து அரசு நீங்கள் சொல்வதையேதான் சொன்னது: பூச்சி பரவுகிறது, வெட்டியாக வேண்டும். வெட்டும் அளவை மூன்று மடங்காக்கியது.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2017-இல் வெட்டுவதை உடனே நிறுத்தச் சொன்னது நீதிமன்றம். நிறுத்தாவிட்டால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் யூரோ கட்ட வேண்டியிருக்கும் என்று எச்சரித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று, வெட்டியது சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பே வந்துவிட்டது. காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? செத்த மரங்களையே நம்பி வாழும் வேறு சில அரிய வண்டுகள். குங்குமச் சிவப்பில் தட்டையாக, பட்டைக்கு அடியில் காகிதம் செருகின மாதிரி இருக்கும் ஒன்றின் பெயர் குகூயஸ் சின்னபெரினஸ். ஒரு வண்டு கொன்ற மரத்தில் இன்னொரு வண்டு குடியேறுகிறது. முதல் வண்டைப் பிடிக்கிறேன் என்று மரத்தை லாரியில் ஏற்றினால், இரண்டாவது வண்டு வீடு வாசலோடு போய்விடுகிறது.

இது ஒரு காட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை. செத்த மரத்தை நம்பியிருக்கும் ஐரோப்பிய வண்டுகளில் 693 இனங்களை ஆராய்ந்து 2018-இல் சிவப்புப் பட்டியல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு விஷயமும் இருக்கிறது. ரோசாலியா அல்பினா என்று நீலச் சாம்பல் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு ஒரு நீளமீசை வண்டு உண்டு. பட்டுப்புடவைக் கரையில் நெய்யலாம், அவ்வளவு அழகு. வெயில்படும் காய்ந்த பீச் மரத்தில் முட்டை வைக்கும். (மரத்துக்கும் பீச் என்றுதான் பெயர், முன்னே சொன்ன பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) விறகுக்காக வெட்டி வெயிலில் அடுக்கி வைத்த கட்டைகளைப் பார்த்து, 'அட, எவ்வளவு நல்ல மரம்' என்று அங்கே போய் முட்டை வைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் கட்டை அடுப்புக்குப் போகிறது, புழு சாம்பலாகிறது. அதனால் அது முட்டை வைக்கும் கோடைக்கு முன்பே கட்டையைக் காட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள் என்று மரக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். வியாபாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, நாள் பார்த்துச் செய்யச் சொல்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு நாள் பார்ப்பது தெரியாததா?

அப்படியானால் சுள்ளி பொறுக்கும் மலைக்கிராமப் பெண்களைத் தடுக்க வேண்டும் என்கிறீர்களா?
*- வாசகி, ஏற்காடு*

இல்லை. இல்லவே இல்லை. இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன்.

இந்த வண்டுகளுக்கு வேண்டியது தடிமன். கட்டிப்பிடிக்கிற அளவுக்குப் பெரிய மரம் விழுந்து கிடந்தால்தான் உள்ளே ஈரம் நிற்கும். கோடையிலும் அதற்குள் கை விட்டால் ஜில்லென்று இருக்கும். விரல் தடிமன் சுள்ளி ஒரு மாத வெயிலில் காய்ந்துவிடும், அதில் நான் சொன்ன பெரிய வண்டுகள் குடியிருப்பதில்லை. தலையில் ஒரு கட்டு சுள்ளி தூக்கி வரும் பெண்ணால் போகிற காடு அல்ல இது. சேர்வராயன் மலையின் பழைய காடு எப்படிப் போனது என்று பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அதன்பின் மலை முழுக்கத் தோட்டமானது. அப்புறம் பாக்சைட்டுக்காக மேட்டையே சுரண்டினார்கள். என் சோறும் காபியில் வந்ததுதான், அதனால் ரொம்பப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

என்னிடம் படித்த மலையாளிப் பழங்குடிப் பையன் ஒருவன் (கேரளக்காரன் இல்லை, இந்த மலையின் பழங்குடி), வகுப்பில் மக்குதல் பாடம் நடத்தியபோது எழுந்து, "எங்க ஊர் கோயில் காட்டுல விழுந்த மரத்தை யாரும் தொடமாட்டோம் டீச்சர், சாமி குத்தம்" என்றான். அடுத்த சனிக்கிழமை அவனே கூட்டிப் போனான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய மரம் சரிந்து, பாசி மூடி, அதன் முதுகிலேயே வரிசையாகக் கன்றுகள் முளைத்திருந்தன. பட்டையை நகத்தால் தூக்கினேன். பையன் முறைத்தான். திரும்ப வைத்துவிட்டேன். அரை ஏக்கர்கூட இருக்காது அந்தக் காடு. அதற்கு வேலியும் இல்லை, காவலும் இல்லை.

சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தோமே, அதுவும் பட்ட மரம் இல்லாததால்தான் காணாமல் போனதா?
*- ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், மேட்டூர்*

அது வேறு கதை. நாம் வளர்த்த பொன்வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்வது, பட்ட மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலமரமும் ஊஞ்சையும் நின்ற புறம்போக்கெல்லாம் இப்போது பிளாட். வேர் இருந்தால்தானே புழு. முட்டையை அரிசி என்று நினைத்து என் தம்பி வாயில் போட்டுக்கொண்டது தனிக்கதை.

எனக்கு ஏற்காட்டில் பத்து சென்ட் இடமும் ஒரு சின்ன வீடும் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?
*- வாசகர், சேலம் அஸ்தம்பட்டி*

பட்ட மரம் வீட்டின் மேலோ பாதையின் மேலோ விழும் நிலையில் இல்லை என்றால் நிற்கட்டும். பயமாக இருந்தால் முழுசாக வெட்டாமல், ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிவிட்டு அடிமரத்தை நிறுத்தி வையுங்கள். குக்குறுவான் பறவை பொந்து போடும். அது பச்சை மரத்தைக் கொத்தாது, உளுத்த கிளைதான் வேண்டும். வெட்டிய தடிமரத்தை நிழலில், பாதி மண்ணுக்குள் புதைந்த மாதிரி கிடத்துங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம், கரையான் ஏறும். பிள்ளைகள் விளையாடும் பக்கமும் வேண்டாம், கட்டைக்கு அடியில் பாம்பு ஒதுங்கும். மருந்து அடிக்காதீர்கள், புரட்டிப் பார்க்காதீர்கள். இதுதான் கஷ்டம். என் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாக்கட்டை கிடக்கிறது, ஏழாவது வருடம். மாதம் ஒருமுறை புரட்டிவிடலாமா என்று கை துறுதுறுக்கும்.

இத்துடன் ஒரு வண்டை அனுப்பியுள்ளேன். அரிய இனமா என்று பார்த்துச் சொல்லவும்.
*- மாந்தோப்பு உரிமையாளர், அயோத்தியாப்பட்டணம்*

ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்து சேர்ந்தது. மூடியில் ஓட்டை போட மறந்துவிட்டீர்கள், எனவே அமரராகித்தான் வந்தது. இனி யாரும் உயிரோடு எதையும் கூரியரில் அனுப்ப வேண்டாம், போட்டோ போதும்.

உங்கள் வண்டு இரண்டு அங்குலம் இருக்கிறது, சாம்பல் பழுப்பு, கழுத்துப் பட்டையில் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள், மீசை உடம்பை விட நீளம். இது அரியது இல்லை ஐயா. மாமரத் தண்டுத் துளைப்பான், பட்டோசெரா. உயிருள்ள மரத்தைத் தின்கிற கட்சி. இன்றைக்கே தோப்புக்குள் போய், வயதான மரங்களின் அடித்தண்டில் ஓட்டையும் கீழே மரத்தூளும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொக்கி வளைத்த கம்பியை விட்டுப் புழுவை வெளியே இழுங்கள். விரல் நீளத்துக்கு வெள்ளையாக வரும். ஓட்டையைக் களிமண் வைத்து அடைத்துவிடுங்கள். பாட்டிலைத் திருப்பி அனுப்பவா?